உமிக்குள் ஒரு பூ

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், பட்டுத் தறியின் முன் சற்று நேரம் நின்றவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சேலையில் மல்லிமொக்கு விழ வேண்டுமானால், மேலேயுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். துளைக்கு ஏற்பச் சில பாவு இழைகள் எழும். மற்றவை அப்படியே கிடக்கும். எழுந்ததும் எழாததும் சேர்ந்த கணக்கே மொக்காகிறது.

செடியில் மலரும் பூவுக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. என்ரிகோ கோயன், எலியட் மெயரோவிட்ஸ் ஆகிய இருவரும் 1991-இல் அதைத் தெளிவாக முன்வைத்தனர். ஏ, பி, சி என மூன்று வகை மரபணுக்கள். ஏ மட்டும் இயங்கும் வட்டத்தில் புல்லி இதழ் தோன்றும்; ஏ-யும் பி-யும் சேர்ந்தால் அல்லி இதழ்; பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத் தாள்; சி மட்டுமெனில் சூலகம். சி-யின் ஆட்சி எல்லை சுருங்கினால், மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்திலும் இதழ்களே வரும். நாம் வியந்து வாங்கும் அடுக்கு ரோஜா அப்படி உருவானதுதான்.

பூ என்றதும் மல்லிகையும் தாமரையும் நினைவுக்கு வருகின்றன. நமக்குச் சோறிடும் நெற்பூவை யாரும் நினைப்பதில்லை. இரண்டு உமிகளுக்குள் ஆறு மகரந்தத் தாள்கள், ஒரு சூலகம். சிறிது நேரம் திறந்து மூடிக்கொள்ளும். இந்த உமியை உமியாக்கும் மரபணு ஓஎஸ்மேட்ஸ்1. அது பழுதுபட்டால் உமி இலைபோல் நீள்கிறது, உள்ளுறுப்புகளும் நிலைகுலைகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உஷா விஜயராகவனின் குழுவினர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய ஹார்மோன்களின் செயற்பாட்டையும் இதே மரபணு நெறிப்படுத்துகிறது என்பதை அவர்கள் 2013-இல் காட்டினர். புதிய உறுப்பு எங்கே முளைவிட வேண்டும் என்பதை ஆக்சின் குறிக்கிறது. வளர்நுனியில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கச் சைட்டோகைனின் உதவுகிறது.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்பதால் அடுத்த செய்தி என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது. சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதி ஒன்று நெல்லில் உள்ளது. அந்த நொதி குறைந்தால் கதிரில் பூக்கள் கூடுகின்றன, அதனால் மணிகளும் கூடுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தனர். வரவைப் பெருக்கவில்லை, செலவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த அறிவுதான் இப்போது நம் வயலை நோக்கி வருகிறது. பிபிடி 5204 என்று நெல் மண்டிகளில் அறியப்படும் சம்பா மசூரியில் அதே நொதிக்கான மரபணுவைத் திருத்தி, ஐதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் 'கமலா' என்ற ரகத்தை உருவாக்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அதை அறிவித்தது. வேற்றுயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை. விளைச்சல் 19 சதவீதம் கூடும் என்கிறது அறிவிப்பு. கள ஆய்வுத் தரவுகளை ஏற்காத விமர்சகர்களும் உள்ளனர்.

எனக்குள்ள தயக்கம் வேறு. பூ கூடினால் மட்டும் நெல் கூடிவிடாது. பால் பிடிக்கும் பருவத்தில் நீரும் சத்தும் போதாவிட்டால் கூடுதல் பூக்கள் பதராகவே முடியும். ஏரிப் பாசனத்தை நம்பிய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மற்றொன்று உரிமை பற்றியது. விளைந்ததில் விதைநெல் எடுத்து வைக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருக்குக் கொடுக்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்துள்ளது. ஆனால், மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் தொழில்நுட்பத்தின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் உள்ளன. கமலா மக்கள் வரிப்பணத்தில் உருவான நெல். அதை விதைக்கவும் விற்கவும் யாருக்கு என்ன நிபந்தனை, யாருக்கு என்ன கட்டணம் என்பதை, விதை மூட்டை கடைக்கு வருவதற்கு முன்பே அரசு முழுமையாக வெளியிட வேண்டும். பாலாற்றங்கரை விவசாயி அடுத்த பட்டத்துக்கென ஒரு மூட்டையைத் தனியே கட்டிவைக்கும்போது, அது தன்னுடையதுதானா என்று வழக்கறிஞரிடம் கேட்க நேரக் கூடாது.