ஏஎன்சியா, இஎன்சியா? விடுதி மாணவர் ஹெட்போன் வாங்கும் முன்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'இஎன்சி' என்று அச்சடித்திருக்கும். விடுதியில் சேர்ந்த புதிதில், ஆன்லைன் தள்ளுபடியில் ஆயிரம் சொச்சத்துக்கு இயர்பட்ஸ் வாங்கும் மாணவர் அதை 'ஏஎன்சி' என்றே எடுத்துக்கொள்கிறார். காதில் மாட்டிப் பார்த்தால் தலைக்கு மேல் மின்விசிறி அப்படியே கடகடக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் மெஸ் சாம்பாரைப் பற்றி அம்மாவிடம் புலம்புவதும் தெளிவாகக் கேட்கிறது. பொருளில் பழுது ஒன்றுமில்லை. ஏஎன்சி என்பது கேட்பவரின் காதுக்கு வரும் இரைச்சலை அடக்கும் வசதி. இஎன்சி மைக்குக்கான வசதி. போனில் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் வடிகட்டும். அந்த இயர்பட்ஸால் நிம்மதி கிடைப்பது ஊரிலிருக்கும் அம்மாவுக்குத்தான்.

இது சட்டப்படி பொய் விளம்பரம் ஆகாது. போட்டிருப்பது இஎன்சி, கொடுத்திருப்பதும் இஎன்சி. ஆனால் இந்த ஓர் எழுத்துக் குழப்பத்துக்கு மாணவர் பணத்தோடு காதையும் சேர்த்து விலையாகக் கொடுக்கிறார். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் கை தானாக வால்யூம் பொத்தானுக்குப் போகும். மூன்று நான்கு பேர் இருக்கும் அறையில், ஒருவர் பப்ஜி ஆட, ஒருவர் குறட்டை விட, இன்னொருவர் காதலியோடு சண்டை போட, ஹெட்போனின் முதல் வேலை அறையை வெளியே நிறுத்துவது. பேஸ், டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டிய சங்கதிகள். சொல்லப்போனால் டிரைவரின் அளவுக்கும் ஒலியின் தரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பெட்டியில் போடப் பெரிய எண்ணாக இருக்கிறது, போடுகிறார்கள்.

வால்யூம் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். டெசிபல் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகும். 83 டெசிபல் என்றால் வாரம் 20 மணி நேரம். 89 என்றால் 5 மணி நேரம். 95-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். 100-இல் அரை மணிக்கும் குறைவு. பல போன்களும் ஹெட்போன்களும் சேர்ந்து 100 டெசிபலைத் தொடக்கூடியவை. தேர்வுக் காலத்தில் ராத்திரி பத்து மணி முதல் இரண்டு மணி வரை முழு வால்யூமில் பாட்டு ஓடவிட்டுப் படிக்கிறவர், ஒரு வாரத்துக்கான பங்கை முதல் பாடம் முடிவதற்குள்ளேயே தீர்த்துவிடுகிறார்.

உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அலைவரிசையில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் கூட்டமான கேண்டீனில் எதிரில் இருப்பவர் சொல்வது பிடிபடாது, "என்னடா?" என்று இரண்டு முறை கேட்க நேரும். ராத்திரி அமைதியில் காதுக்குள் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் கேட்கலாம். உலகில் 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தித் திரையிசைப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில், விமானத்திலிருந்து இறங்கியபோது தமக்கு எதுவுமே கேட்கவில்லை என்றும், நரம்பு சார்ந்த அரிய செவித்திறன் குறைபாடு என மருத்துவர்கள் கண்டறிந்ததாகவும் அறிவித்தார். அவருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வைரஸ் தொற்றுதான், ஹெட்போன் அல்ல. இருந்தும் அதே அறிவிப்பில், அதிகச் சத்தத்தைப் பற்றியும் ஹெட்போனைப் பற்றியும் இளைஞர்களை எச்சரிக்க அவர் மறக்கவில்லை. திடீரென ஒரு காது கேட்காமல் போனால், சளி அடைத்திருக்கும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அது அவசரச் சிகிச்சைக்குரியது. ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் கிடைத்தால்தான் பலன் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுக்கும் வசதி உண்டு.

சரி, எதை வாங்குவது? ஒலிநுட்ப ஆர்வலர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஓபன்-பேக் வகையை விடுதி மாணவர் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் கிண்ணத்தின் பின்புறம் திறந்திருக்கும். அறைச் சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே போகும். ராத்திரி ஒரு மணிக்கு அறைத்தோழர் எறியும் தலையணையை அது தடுக்காது. மூடிய கிண்ணம் கொண்ட ஓவர்-இயர் வகை பரவாயில்லை, ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அரை மணியில் காதுமடல் வியர்த்துவிடும்.

மிச்சமிருப்பவற்றில் குறைந்த செலவில் நிறைவாக வேலை செய்வது, காதுத் துளைக்குள் சிலிக்கோன் நுனியோடு பொருந்தும் ஐஇஎம். கேஇசட், மூன்ட்ராப் போன்ற சீன நிறுவனங்களின் ஒயர் மாடல்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. அவற்றில் ஒயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல்களைத் தேடி வாங்குவது புத்திசாலித்தனம். ஒயர் ஹெட்போன் உயிரை விடுவது பெரும்பாலும் ஜாக்குக்குப் பக்கத்தில்தான். கழற்றக்கூடியதாக இருந்தால் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியில் மூன்று அளவு நுனிகள் இருக்கும். பெரும்பாலோர் நடுவில் மாட்டியிருப்பதை மாற்றிப் பார்ப்பதே இல்லை. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுனி சரியாக அடைக்காவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வரும், பேஸ் காணாமல் போகும், 'சவுண்டே இல்லை' என்று வால்யூம் ஏறும். ஐந்து நிமிடம் செலவழித்து நுனிகளை மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் முன்னேற்றம், இன்னும் ஆயிரம் ரூபாய் கூடப் போட்டாலும் சில சமயம் கிடைக்காது.

ஏஎன்சி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் தெரிந்துகொண்டு பணம் போடுவது நல்லது. மைக் வெளிச்சத்தத்தை வாங்க, அதற்கு நேரெதிர் அலையை ஸ்பீக்கர் எழுப்பி அதை அழிக்கிறது. மின்விசிறி, ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலை நன்றாகக் குறைக்கும். பேச்சு, சிரிப்பு, தட்டு விழும் சத்தம் இவற்றில் பாதிக்குமேல் தப்பி உள்ளே வரும். சண்டை போடும் அறைத்தோழருக்கு நல்ல சிலிக்கோன் நுனிதான் மருந்து.

கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிற மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. லேப்டாப்பில் புளூடூத் இயர்பட்ஸை மாட்டி மைக்கையும் இயக்கினால், பல லேப்டாப்களில் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறிவிடும்; ஒலி தகரக் கொட்டகைக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். அந்த நாளில் 600 ரூபாய் ஒயர் ஹெட்செட் காப்பாற்றும். ஜாக் இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வாங்குகிறவர்கள், டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான சிக்னலாக மாற்றும் 'டாக்' சிப் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சிப் இல்லாத மலிவு மாற்றிகள் சில போன்களில் வேலையே செய்யாது.

அறையில் கை மாறி காது மாறிப் புழங்கும் ஐஇஎம் பூஞ்சைத் தொற்றையும் கூடவே கொண்டுபோகலாம். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் காதுக்குள் அரிப்பும் அடைப்பும் வந்தால், பட்ஸ் குச்சியை விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. 'ஐபிஎக்ஸ்4' என்றால் நீர்த்துளி தெறித்தால் தாங்கும் என்று அர்த்தம். பக்கெட்டில் விழுந்தால் தாங்கும் என்று அர்த்தமில்லை. தண்ணீர் போன பொருளுக்குப் பல நிறுவனங்களின் வாரண்டியும் செல்லாது. 'பேட்டரி 40 மணி நேரம்' என்பது பெரும்பாலும் சார்ஜிங் டப்பாவையும் சேர்த்து, ஏஎன்சியை அணைத்துவைத்துச் சொல்லும் கணக்கு.

புளூடூத் கருவியும் ஒரு சின்னக் கணினிதான். 2025-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், ஐரோஹா நிறுவனத்தின் சிப் கொண்ட பல பிரபல பிராண்டு ஹெட்போன்களில், புளூடூத் எல்லைக்குள் இருக்கும் அந்நியர் ஊடுருவக்கூடிய ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். நூறு பேர் ஒரே கட்டடத்தில் இருக்கும் விடுதியில் 'புளூடூத் எல்லைக்குள்' என்றால் அக்கம்பக்கத்து அறைகளும் சேர்த்தி. பிராண்டின் ஆப்பை ஏற்றி, ஃபர்ம்வேர் அப்டேட் வரும்போது செய்துகொள்வது இதற்குப் பரிகாரம். ஆப்பே இல்லாத, பெயர் தெரியாத இயர்பட்ஸுக்கு அந்த வழியும் இல்லை.

இனி கடைக்குள் போகலாம். இந்தியாவில் விற்கும் ஒயர்லெஸ் ஹெட்போனுக்கும் இயர்போனுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. கருவியிலோ பெட்டியிலோ 'ஆர்' என்ற எழுத்தும் அதன்பின் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். நூற்றைம்பது ரூபாய்க்குத் தெருவோரம் கிடைக்கும் 'ஒரிஜினல் ஏர்பாட்ஸ்' இந்தச் சோதனையில் அரை நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்பதும் இருந்தாக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, காலேஜ் வாசலில் இருக்கும் செல்போன் கடையானாலும் சரி, பில் கேட்டால் சில இடங்களில் முகம் மாறும். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் தம்பி, ஏதாவது ஆச்சுன்னா எங்கிட்டயே கொண்டா, மாத்தித் தரேன்" என்பார்கள். இருநூறு ரூபாய் மிச்சம் என்று மாணவரும் தலையாட்டிவிடுவார். பில் கொடுக்காமல் இருப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கடைக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இது பொருந்தாது.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-இன் மின்வணிக விதிகள் இன்னும் கொஞ்சம் பலம் தருகின்றன. குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாதது என்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஏஎன்சி என்று பட்டியலில் போட்டுவிட்டு இஎன்சி மட்டும் உள்ள பொருளை அனுப்பினால் இந்த விதி நேராகப் பாயும். அதனால் ஆர்டர் போடும்போதே விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கம் மாறிவிடலாம். பெட்டியைப் பிரிக்கும்போது பார்சல் ஒட்டுத்தாளில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுப்பது விடுதிகளில் இப்போது பழக்கமாகிவருகிறது, நல்ல பழக்கம். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளரே வாடிக்கையாளர்போல நடித்து ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதுவதும் இந்த விதிகளின்படி தடை.

அங்கே வேலை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்தால் புகாரைப் பதிந்துகொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஆர்டர் எண், பில், நிறுவனத்தோடு நடந்த சாட் எல்லாம் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். இது சமரச முயற்சிதான், தீர்ப்பு கிடையாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இணையவழியாகவே மனுவை ஏற்றலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செமஸ்டர் தேர்வு நாளில் வாய்தா விழுந்தால், காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்டு மனுக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.