பொன்னமராவதி இங்கிலீஷ் – 14: பொய் சொல்லியிருந்தால்...

'இஃப்' இருக்கிற பாதியில் 'வில்' போடாதே என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் 'அன்லெஸ்' என்று சொல்லியிருந்தேன். வேறொன்று குறுக்கே வந்து மறித்துக்கொண்டது.

டியூஷன்களில் இஃப் கிளாஸுக்கு ஒரு மந்திரம் உண்டு. 'வில் வந்தா வி-ஒன், வுட் வந்தா வி-டூ, வுட் ஹேவ் வந்தா ஹாட் வி-த்ரீ.' பேருந்து நிலையத்தில் காரைக்குடி வண்டிக்கு நிற்கிற பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். மார்க் வந்துவிடும். பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று வரிசையாக நடத்திவிட்டு, மூன்றாவது டைப்பை 'அது கஷ்டம்ப்பா, பரீட்சைக்கு மட்டும் பார்த்துக்க' என்று கடைசியில் தள்ளுவதுதான் வழக்கம். என் கட்சி நேர் எதிர். நம் பக்கத்துப் பிள்ளைக்கு மூன்றாவதைத்தான் முதலில் நடத்த வேண்டும்.

காரணம் சொல்ல மேலைச்சிவபுரி வரை போக வேண்டும், பக்கம்தான். 1917-இல் அங்கே பிறந்தவர் தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம். நகரத்தார் வீட்டுப் பையன்கள் அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவது வழக்கம். அவரும் இளம் வயதிலேயே ரங்கூனுக்கு லேவாதேவிக் கடை வேலைக்குப் போனார். ஒருநாள் முதலாளி, 'வருமான வரி அதிகாரி வந்தால் நான் இல்லை என்று சொல்' என்றார். முடியாது என்று பையன் மறுத்துவிட்டான். வேலை போயிற்று, கப்பலேறி ஊர் திரும்பினான். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பெயர் நிலைத்தது. திரும்பியவர் பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் படித்தார். 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். தமிழ்வழிக் கல்விக்காகப் போராடியவரை இங்கிலீஷ் பாடத்துக்கு உதாரணமாக இழுக்கிறேன். ஆனால் எம்.ஓ.எல். பட்டத்துக்கு அவர் ஆராய்ந்ததே தமிழ் வினைச்சொற்களைத்தான். பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இந்தக் கதையைக் கேட்கிற யாரும் உடனே என்ன சொல்வார்கள்? 'அன்னைக்குப் பொய் சொல்லியிருந்தா, ரங்கூன்லயே இருந்திருப்பார்.' யாரும் சொல்லித்தராமல் வாயில் வருகிற வாக்கியம். அதன் இங்கிலீஷ்: 'இஃப் ஹி ஹாட் லைடு, ஹி வுட் ஹேவ் ஸ்டேய்டு இன் ரங்கூன்.' இதுதான் பூச்சாண்டி காட்டிய மூன்றாவது டைப்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் இந்த வாரத் தூக்கம் போயிற்று. 'சொல்லியிருந்தால்': வினை முடிந்ததைக் காட்டும் 'சொல்லி', அதோடு 'இருந்து', அதன் தலையில் 'ஆல்'. 'ஹாட் லைடு'வும் அதே ஏற்பாடுதான்: முடிந்த வினை, அதைத் தாங்க இறந்தகாலத்தில் ஒரு துணைவினை. 'ஆல்' செய்கிற வேலையை 'இஃப்' வாசலிலேயே நின்று செய்கிறது. இதுவரை சரி. 'இருந்திருப்பார்' என்பதில் நடுவே உட்கார்ந்திருக்கிறதே 'ப்ப்', அது என்ன? நன்னூலைக் கேளுங்கள், 'ப்', 'வ்' இரண்டும் எதிர்கால இடைநிலை. நடந்து முடிந்த ரங்கூன் கதைக்குள் எதிர்காலம் எதற்கு வந்தது? நடக்காமல் போனதைச் சொல்ல. இங்கிலீஷும் சரியாக அதே இடத்தில் 'வில்'லின் உடன்பிறப்பான 'வுட்'டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது! ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு மொழிகளும் நடக்காத பழங்கதைக்கு எதிர்காலத்திடம்தான் கடன் வாங்குகின்றன.

இது பிடிபட்டால் பெரிய தவறு ஒன்று தானாக உதிரும். 'இஃப் ஹி வுட் ஹேவ் லைடு' என்று எழுதுகிறார்கள் அல்லவா? (அமெரிக்கர்களும் பேச்சில் சொல்வார்கள், பரீட்சைத் தாளில் செல்லாது.) தமிழில் 'ஆல்' இருக்கிற பாதியில் அந்த 'ப்ப்'பைப் போடுகிறோமா? மேடையில் 'சொல்லியிருப்பாரேயானால்' என்று இழுப்பவர்கள் உண்டு. வீட்டுத் திண்ணையில் கிடையாது. 'ஆல்' பக்கம் 'ப்ப்' இல்லை என்றால் 'இஃப்' பக்கம் 'வுட்' இல்லை.

கலப்பு வாக்கியம் என்று தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் வேலைக்கு நேர்காணல் போய்வந்த பையன்கள் புலம்புவதைக் கேட்டால் போதும்: 'அப்பவே படிச்சிருந்தா இப்ப வேலையில இருப்பேன்.' முன்பாதி பழசு, பின்பாதி இன்றைக்கு. 'இஃப் ஐ ஹாட் ஸ்டடீடு தென், ஐ வுட் பி இன் அ ஜாப் நௌ.' 'இருந்திருப்பேன்' 'இருப்பேன்' ஆன மாதிரி 'வுட் ஹேவ் பீன்' 'வுட் பி' ஆகிவிட்டது.

உண்மையில் உதைப்பது இரண்டாம் டைப்தான். 'லாட்டரி விழுந்தால் வீடு கட்டுவேன்' என்பதை நாம் நம்பிக்கையோடும் சொல்லலாம், கேலியாகவும் சொல்லலாம், 'விழுந்தால்' மாறாது. இங்கிலீஷ் விடாது. நடக்கும் என்கிறாயா, சும்மா கனவா என்று வாக்கியத்திலேயே கையெழுத்துக் கேட்கும். கேரளாவுக்குப் பஸ் ஏறிச் சீட்டு வாங்கியவர் 'இஃப் ஐ வின்' என்று சொல்லிக்கொள்ளலாம். 2003-இல் லாட்டரியைத் தடை செய்துவிட்ட தமிழ்நாட்டில் சீட்டே வாங்காமல் இருப்பவருக்கு 'இஃப் ஐ வன்', 'ஐ வுட் பில்ட்' மட்டுமே. 'வன்' என்ற இறந்தகாலத்தைக் கண்டு மிரள வேண்டாம். கொன்னையூர்க் கோயில் பூச்சொரிதலன்று மழை 'பெய்தால்' என்கிறபோது நாமும் வராத மழைக்கு இறந்தகால 'த்'தைத்தான் போடுகிறோம்.

பிறகு, 'இஃப் ஐ வேர் யூ'வில் 'வாஸ்' ஏன் வரவில்லை என்ற பழைய வழக்கு ஒன்று பாக்கி. அதைத் தீர்க்காமல் 'அன்லெஸ்'ஸுக்குப் போனால் ஒன்றும் விளங்காது. ஆசிரியர் இடம் கொடுத்தால் இரண்டையும் அடுத்த வாரமே முடித்துவிடுவேன். இது முதல் டைப் என்பதை ஆசிரியரும் கவனிக்கவும்.

(தொடரும்)