கண்டதும் சேராததும்

கடற்போர் வரலாற்றை எழுதுவோர் பெரும் போர்க்கப்பல்களின் பெயர்களையே விரித்துரைப்பர். எங்கடீன் என்னும் சிறு கப்பலுக்கு அவ்வேட்டில் ஓரிரு வரிகளே உரியன. எனினும், அதன் முப்பதாண்டு வாழ்வைப் படிக்குந்தோறும் என் நெஞ்சில் ஓர் உண்மை உறுதிபெறுகின்றது: அறிவைப் பெறுதல் வேறு, அது உரியவரைச் சென்று சேர்தல் வேறு.

1911ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் டம்பார்டன் நகரிற் கட்டப்பெற்ற இக்கப்பல், ஆங்கிலக் கால்வாயின் குறுக்கே போக்ஸ்டனுக்கும் பிரான்சின் பூலோனுக்குமிடையே பயணிகளை ஏற்றிச் சென்றது. 1914 ஓகஸ்டிற் போர் மூண்டதும் பிரித்தானியக் கடற்படை அதனைக் கடல்விமானந் தாங்கியாக மாற்றிற்று. தாங்கி என்றதும் விமானம் ஓடியெழும் பரந்த தளத்தை எண்ணிவிடலாகாது. முதலில் மூன்று, பின்னர் நான்கு விமானங்களே அதில் இருந்தன. பாரந்தூக்கியால் நீரில் இறக்கப்பட்டு, மிதவைகளின்மேல் ஓடியே அவை எழவேண்டும். அலை மிகுந்தால் விமானம் எழாது. அவ்வாண்டு நத்தார் தினத்தன்று எங்கடீனும் வேறிரு தாங்கிகளும் ஜெர்மனியின் குக்ஸ்ஹாவன் அருகேயிருந்த ஆகாயக்கப்பற் கொட்டகைகளைத் தாக்க 9 விமானங்களை இறக்கின. எழுந்தவை ஏழே. கொட்டகைகளோ அழியவில்லை.

1916 மே 31ஆம் நாள் ஜட்லந்துப் போர் தொடங்கும் வேளை, எங்கடீனிலிருந்து றட்லண்ட் என்னும் விமானியும் அவருடன் ட்ரெவினும் பறந்தெழுந்தனர். முகில் தாழ்ந்திருந்தமையால் அவர்களும் தாழவே பறந்து, ஜெர்மானியக் குறூசர்களைக் கண்டு, கம்பியில்லாத் தந்தி வாயிலாக அறிவித்தனர். கடற்போரொன்றில் பகைவரின் கப்பல்களை விமானம் வேவு பார்த்தது அதுவே முதன்முறை. அச்செய்தி எங்கடீனை எட்டிற்று. தளபதி பீற்றியின் கொடிக்கப்பலையோ எட்டவில்லை. எரிநெய்க் குழாய் உடைந்து விமானமும் இறங்கிற்று.

அன்றிரவு அக்கப்பல் தன் பழைய தொழிலுக்கே திரும்பியது எனலாம். சிதைந்த வொறியர் என்னும் போர்க்கப்பலை இரவு முழுவதும் இழுத்துச் சென்று, அது மூழ்குந் தறுவாயில் ஏறத்தாழ 700 பேரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டது. இரு கப்பல்களுக்குமிடையே காயமுற்ற ஒருவர் வீழ, அவரை மீட்க றட்லண்ட் கடலிற் குதித்தார். அவ்வீரச் செயலுக்காக அல்பேட் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது.

1933இற் பிலிப்பைன்சுக்கு விற்கப்பட்டுக் கொரகிடோர் என்னும் புதுப்பெயர் பூண்ட அக்கப்பல், 1941 டிசம்பர் 17ஆம் நாள் நள்ளிரவின் பின், மனிலாவை விட்டு அகன்ற மக்களைச் சுமந்து சென்றது. தன் பெயரையே தாங்கிய தீவின் அருகே, தன் பக்கத்தார் காவலுக்கு இட்டிருந்த கண்ணிவெடியில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கண்ணிகளிடையே வழி இன்னதென்று அறிந்தோர் கரையில் இருந்தனர். அவ்வறிவு அக்கப்பலைக் காக்கவில்லை.