வலுசர்ப்பமும் சீன டிராகனும்

கோட்டுகால் பக்கத்திலிருந்து எங்கள் ஜவுளிக்கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் அம்மாள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கலாச்சாரப் பரிமாற்ற விழா என்று சொல்லி மஞ்சளும் சிவப்புமாகத் துணி கேட்டார்கள். பிள்ளைகள் சீன டிராகன் செய்து ஆடப் போகிறார்களாம். துணியை வாங்கிய பிறகும் போகாமல் நின்று, "அண்ணாச்சி, வேதத்துல சொல்லுற வலுசர்ப்பம்தானே இது? பிள்ளைகள் தூக்கி ஆடினா பாவமில்லியா?" என்று கேட்டார்கள். வியாபாரம் முடிந்தது என்று அனுப்பிவிட மனம் வரவில்லை. அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

குழப்பம் மொழிபெயர்ப்பில் வந்தது. கிரேக்கத்தில் 'டிராகோன்' என்றால் பெரும்பாம்பு. பைபிளைத் தமிழாக்கியவர்கள் அதை வலுசர்ப்பம் என்றார்கள், மலையாளத்தில் மகாசர்ப்பம். சீனர்கள் 'லோங்' என்று அழைக்கும் வேறொரு பிராணிக்கும் ஐரோப்பியர் அதே டிராகன் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பேர் ஒன்று, ஆள் வேறு. லோங் ஆற்றிலும் கடலிலும் மேகத்திலும் இருந்து மழை தருவது. மான் கொம்பு, ஒட்டகத் தலை, பாம்புக் கழுத்து, கெண்டைச் செதில், கழுகு நகம் என்று அதற்கு அங்க இலக்கணம் சொல்வார்கள். நம் கோயில் தூணில் யாளிக்குச் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் வைத்தோமே, அந்த மாதிரிதான். எங்கள் சமணத்திலும் ஒன்பதாம் தீர்த்தங்கரர் புட்பதந்தருக்கு இலாஞ்சனம் மகரம், அதுவும் நீர்ப்பிராணியே.

சிறுவர்கள் டிராகனுக்காக ஆடுவது பள்ளிக்கூட விழாவுக்கென்று வந்த புதுமையும் அல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான தோங் சோங்ஷு என்னும் அறிஞர் பேரால் வழங்கும் நூலில் மழை வேண்டும் சடங்கு ஒன்று உண்டு. வசந்த காலத்தில் வானம் பொய்த்தால் பச்சை டிராகன் உருவங்கள் செய்து வைத்து, எட்டுச் சிறுவர்கள் மூன்று நாள் நோன்பிருந்து பச்சை உடுத்தி ஆட வேண்டும். நாமோ மழை இல்லையென்றால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தோம். அதற்கு இது எவ்வளவோ மேல் என்று எனக்குப் படுகிறது.

நமக்கும் சீனாவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கல்லைக் காட்டலாம். 1911-இல் இலங்கை காலி நகரில் கிடைத்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 என்று ஆண்டு பொறித்த அந்தக் கல்லைக் கடலோடி செங் ஹ கப்பலில் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும் கொடுத்த காணிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. கல்லின் தலைப்பில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள்! நம் தமிழெழுத்து 600 வருஷம் முன்பே டிராகனின் நிழலில் இருந்திருக்கிறது. கோட்டுகாலுக்குப் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2023 அக்டோபரில் முதலில் வந்த கப்பலும் சீனத்துப் பளுதூக்கிகளைத்தான் ஏற்றி வந்தது.

இனி, செய்யும் முறை. சிங்கப்பூர் உறவினர் காட்டும் படங்களில் இருவர் தோலுக்குள் புகுந்து ஆடுவது சிங்க ஆட்டம்; டிராகன் ஆட்டத்தில் ஆடுகிறவர்கள் வெளியே நின்று கம்பில் தூக்குவார்கள். பெரியவர்களுக்கு 9 கம்பு, 18 மீட்டர் என்பது பரவலான அளவு. பிள்ளைகளுக்குக் கம்புக்குக் கம்பு ஒன்றரை மீட்டர் போதும். 9 கம்புக்கு 8 இடைவெளி, 12 மீட்டர் ஆகிறது. ஆனால் துணியை விறைப்பாகக் கட்டினால் உடம்பு வளையாது, 14 மீட்டராவது எடுங்கள். (கடைக்காரன் புத்தி என்று நினைக்க வேண்டாம்.) ஓரடி அகல மூங்கில் வளையம் என்றால் ஒரு மீட்டர் பன்னா சரியாகச் சுற்றி வரும். தலையைப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டு செய்தால் கனம் குறையும்.

ஆட்டத்தின் சூட்சுமம் முன்னால் ஒரு பிள்ளை கம்பில் ஏந்திப் போகும் முத்தில் இருக்கிறது. டிராகன் அதைத் துரத்துகிறது. தலை போன தடத்திலேயே மற்றவர்கள் போக வேண்டும். முரசுச் சத்தம் கேட்டுக் கம்பைத் தூக்கி இறக்க வேண்டும். தலை லேசாகத் திரும்பினாலும் வால் பெரிய சுற்று ஓட வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைதானே என்று மூன்றாம் வகுப்புக்காரனை வாலில் நிறுத்திவிடாதீர்கள். அந்த அம்மாளின் மகன் நல்ல ஓட்டக்காரனாம்; வால் அவனுக்குத்தான் கிடைத்தது.