காட்டுச் சேவலின் கழுத்திறகு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி காலத்தில் வலிகாமத்தினூடே ஓடி அராலிப் பக்கத்திற் கடலோடு கலக்கும் வழுக்கையாறு ஒன்றே நமக்கு ஆறு என்னும் சொல்லை நினைவூட்டுவது. ஆதலால், மீன் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடல் மீனே. சுன்னாகச் சந்தையில் அறக்குளாவையோ ஓராவையோ விலை பேசி வாங்கி, மாலைக்குள் கறியாக்கி உண்பதே நாம் அறிந்த மீன் கதை. குளிர்ந்த ஆற்று நீரில் நாள் முழுவதும் நின்று, உண்ணத்தக்க இரை எதுவும் இல்லாத தூண்டிலை வீசி, அருமையாக அகப்பட்ட மீனையும் மீண்டும் ஆற்றிலே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதரும் உளர் என்றால் நம்மவர் நகைப்பர். அந்த விளையாட்டுக்கும் தமிழ்நாட்டு மலைக்காடுகளிற் கூவும் ஒரு சேவலுக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. அத்தொடர்பு விநோதமானது, சற்று வெட்கத்திற்குரியதுங்கூட.

முதலில் அந்த மீனை அறிந்துகொள்வோம். அதன் பெயர் சமன். தகரப் பேணியில் அடைத்து விற்கும் மீனை நம் நாட்டிற் சமன் என்று சொல்லும் வழக்கம் உண்டெனினும், அப்பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீனே. உண்மைச் சமனை அறிந்தவர்கள் நோர்வேயில் வாழும் நம் உறவினர்கள். 1980ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அந்நாட்டின் வடகரையிலுள்ள மீன் பதனிடும் சாலைகளில் தொழில் புரிந்த தமிழர் பலர்.

அத்திலாந்திக் சமன் ஆற்றிலே பிறந்து கடலிலே வளரும் மீன். ஆற்றுப் படுக்கையின் பரற்கற்களுக்கு இடையே முட்டையினின்று வெளிப்பட்டு, சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, பின் கடலை அடைந்து, அவற்றுட் பல கிறீன்லாந்துக் கரைவரை சென்று இரை தேடும். உடல் பருத்தபின், தான் பிறந்த அதே ஆற்றை அதன் நீரின் வாசனையால் அறிந்து திரும்பி வந்து, நீர்வீழ்ச்சிகளையும் துள்ளிக் கடந்து மேலேறி முட்டையிடும். இப்பயணத்தில் ஒரு வியப்பு உண்டு. ஆற்று நீரிற் புகுந்த சமன் உண்பதை நிறுத்திவிடுகிறது. கடலிற் சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. உண்ணாத மீனுக்கு எந்த இரையைக் காட்டினால் என்ன? ஆயினும், கண்முன்னே அசையும் ஒரு பொருளைச் சில வேளை அது பாய்ந்து கௌவுகின்றது. பழைய பழக்கத்தாலே கௌவுகின்றது என்பாரும், சினத்தாலே கௌவுகின்றது என்பாரும் உளர். அந்தச் 'சில வேளை'யை நம்பியே இவ்விளையாட்டு முழுவதும் நடைபெறுகின்றது.

இதனை ஈத்தூண்டில் என்று சொல்லலாம். சாதாரணத் தூண்டிலில் இரையின் பாரமோ ஈயக்குண்டின் பாரமோ கயிற்றை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ, நுனியில் உள்ள பொய் ஈக்குப் பாரமே இல்லை. ஆகவே கயிறே பாரமுடையதாக அமைக்கப்பட்டிருக்கும். கோலை முன்னும் பின்னும் வீச, கயிறு காற்றில் வளைந்து விரிந்து, நுனியிலுள்ள ஈயை நீரின்மேல் மெல்ல இறக்கும். சமன் பிடிப்பதற்குரிய கோல் இரு கையாலும் பிடிப்பது. 12 முதல் 15 அடி வரை நீளமுடையது. முன்னாளில் இது மரத்தாலும், பின்னர் மூங்கிலைப் பிளந்து ஒட்டியும் செய்யப்பட்டது. இன்று கரிநாரினால் ஆகின்றது. கயிறு அன்று எண்ணெயூட்டிய பட்டு. இன்று நெகிழி பூசிய நூல். கயிற்றின் முனையில் மீனின் கண்ணுக்குத் தோன்றாத மெல்லிழையாக அன்று பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிற் பெற்ற நரம்பைக் கட்டினர். இன்று நைலோன் கட்டுகின்றனர்.

ஸ்கொத்லாந்தின் ஸ்பே, ற்வீட் ஆறுகளில் இக்கலை சிறப்புற்று வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வர் கோடைதோறும் கப்பலேறி நோர்வே ஆறுகளுக்கும் சென்றனர். அங்குள்ள மக்கள் அவர்களைச் 'சமன் பிரபுக்கள்' என்றே அழைத்தனர்.

பிரபுக்கள் கைக்கொண்ட விளையாட்டு ஆடம்பரத்தை விரும்பாதிருக்குமா? பொய் ஈ என்பது கொளுக்கியின் மேல் இறகும் பட்டும் சரிகையும் சுற்றிக் கட்டும் சிறு பொருள். விக்டோரியா மகாராணி காலத்தில் அது நகை போலாயிற்று. உலகில் உள்ள எந்த ஈயையும் அது ஒத்திருக்கவில்லை. சீனத்துப் பொற்கோழியும் தென்னமெரிக்கப் பஞ்சவர்ணக்கிளியும் ஆபிரிக்கத் தீக்கோழியும் தத்தம் இறகுகளை அதற்கு ஈந்தன. எந்த ஈக்கு எந்தப் பறவையின் எந்த இறகு என்று விதிகள் எழுந்தன. 1895ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கெல்சன் என்பவர் இவ்விதிகளைத் தொகுத்துப் பெரிய நூலொன்றே வெளியிட்டார்.

இவ்விதிகளில் மீண்டும் மீண்டும் வரும் பெயர் ஒன்றுண்டு. அதுவே தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. நீலகிரி, பழனி முதலிய மலைச்சாரல்களில் விடியற் காலையிற் கூவும் பறவை அது. அதன் சேவலுக்குக் கழுத்தைச் சுற்றிக் கரிய நீண்ட இறகுகள் உண்டு. ஒவ்வோர் இறகின் நுனியிலும் காம்பு தட்டையாக விரிந்து, உருக்கிய மெழுகுத்துளி போன்ற, மஞ்சளும் வெண்மையும் கலந்த ஒரு புள்ளியாக உறைந்திருக்கும். தொட்டால் அது இறகு போலன்றி நகம் போல இருக்கும். நீரில் நனைந்தாலும் அதன் பளபளப்பு மங்காது. இத்தகைய இரண்டு இறகுகளை ஈயின் தலைக்கு இருபுறமும் வைத்தால் அவை இரு கண்களாகத் தோன்றும். ஸ்கொத்லாந்து ஆறொன்றில் வீசிய பொய் ஈ, தமிழ்நாட்டு மலைச் சேவலின் கழுத்திலிருந்து பறித்த கண்களோடு மீனை நோக்கியது!

இச்சேவல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வளவுகளில் மேயும் கோழிகளுக்கு மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பர். ஆனால், வீட்டுக் கோழிகள் பலவற்றின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு இந்தச் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. நம் முற்றத்து மஞ்சட்காற் கோழி, ஒரு வகையில், அதற்கு உறவு.

இறகுக்கு விலை ஏறவே பறவைக்கு ஆபத்து நேர்ந்தது. கண்ணியிலும் துவக்கிலும் மாண்ட சேவல்களின் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1902ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. தடை வந்த பின்னரும் கள்ளவழி அடைபடவில்லை. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடியை மேலும் இறுக்கிற்று. இன்று மேல்நாட்டாருட் சிலர் இச்சேவலைக் கூட்டில் வளர்த்து இறகு பெறுகின்றனர். வேறு சிலர் நெகிழியாற் செய்த போலிப் புள்ளியோடு அமைகின்றனர்.

எல்லோரும் அமைந்துவிடவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2009ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில், இங்கிலாந்தின் திறிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையின் யன்னலை உடைத்து ஓர் இளைஞர் உட்புகுந்தார். அவர் இலண்டனில் புல்லாங்குழல் பயின்ற இசை மாணவர். பொய் ஈ கட்டுவதிலும் வல்லவர். வேறு பல அரிய பறவைகளின் 299 தோல்களை அவர் எடுத்துச் சென்றார். டார்வினுக்கு ஒப்பாகப் போற்றப்படும் ஆல்பிரட் ரசல் வாலசு மலாய்த் தீவுகளிற் சேகரித்த பறவைகளும் அவற்றுள் இருந்தன. பின்னர்ப் பல தோல்கள் மீட்கப்பட்டன. ஆனால், எங்கே, எந்நாளிற் பிடிக்கப்பட்டது என்னும் சீட்டு நீங்கிய தோலால் அறிவியலுக்கு என்ன பயன்? ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காத்த அறிவு தூண்டிற் கொளுக்கிக்கு அலங்காரமாயிற்று.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: இவ்வளவு இறகும் இல்லாவிட்டாற் சமன் அகப்படாதா? அகப்படும். இன்று ஆறுகளிற் பயன்படும் ஈக்களிற் பெரும்பாலானவை சாயமிட்ட மயிராலும் வீட்டுக் கோழியிறகாலும் எளிமையாகக் கட்டியவை. அவற்றையும் மீன் அதே ஆர்வத்தோடு கௌவுகின்றது. பழைய முறைப்படி கட்டும் விலையுயர்ந்த ஈக்களோ, பெரும்பாலும் நீரைக் காணாமலே கண்ணாடிச் சட்டத்துள் அமர்ந்துவிடுகின்றன. ஆகவே, நம் மலைச் சேவல் மாண்டது மீனின் கண்ணுக்காகவன்று, மனிதனின் கண்ணுக்காகவே.

இறகு மேற்கே சென்றது போல, மேற்கு நாட்டு மீன் கிழக்கே வந்த கதையும் உண்டு. இலங்கை மலைநாட்டின் குளிர் தம் தாய்நாட்டை நினைவூட்டவே, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சமனின் இனத்ததாகிய டிரவுட் மீனை 1880ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டில் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் வந்த வானவில் டிரவுட் ஓட்டன் சமவெளியின் நீரோடைகளில் நிலைபெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும் அம்மீன் சென்றது. அங்கே அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. எந்த மலையின் சேவல் இறகைத் தந்ததோ, அந்த மலையின் ஓடைக்கே அவ்விறகாற் பிடிக்கும் மீனின் இனம் வந்து சேர்ந்தது. இரண்டிடத்திலும் மலையின் பழைய உயிர்களை யாரும் கேட்கவில்லை.

இப்போது சமனுக்கே கெட்ட காலம் வந்துள்ளது. 2006ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடையில் அத்திலாந்திக் சமனின் தொகை 23 வீதத்தாற் குறைந்ததென இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2023ஆம் ஆண்டு திசெம்பரில் அறிவித்தது. சூடேறும் நீரும், ஆற்றை மறிக்கும் அணைகளும், பண்ணை மீன்களிலிருந்து பரவும் ஒட்டுண்ணிகளும் காரணங்களுட் சில. 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நோர்வே அரசு 33 ஆறுகளில் சமன் பிடித்தலை நிறுத்தியது. ஸ்கொத்லாந்தில் அண்மை ஆண்டுகளில், தூண்டிலில் அகப்படும் சமன்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை உயிரோடு ஆற்றில் விடப்படுகின்றன.

நாம் தொடக்கத்தில் நகைத்த அந்த மனிதரை இப்போது மீண்டும் பார்ப்போம். அவர் குனிந்து, கொளுக்கியை மெல்ல நீக்கி, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அதற்கு மூச்சுத் திரும்பும்வரை இரு கைகளாலும் தாங்கி நிற்கின்றார். அது வாலை அசைத்து நழுவிச் செல்கின்றது. அவர் பாட்டனாரின் ஈப்பெட்டியில் காட்டுச் சேவலின் கண்கள் நிறைந்திருந்திருக்கலாம். அவர் கையிலுள்ள ஈ வெறும் மயிராலானது. ஒரு தலைமுறை விலை கொடுத்துப் பெற்ற புத்தியை இன்னொரு தலைமுறை கைக்கொள்கின்றது. வெறுங்கையோடு வீடு திரும்பும் அவரைக் கண்டு இனி நாம் நகைக்க வேண்டியதில்லை.