எந்த ஆலங்குளம்?

தமிழ்நாட்டில் ஆலங்குளம் ஒன்றல்ல. அரசு சிமென்ட் ஆலை உள்ள ஆலங்குளம் விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையம் பக்கம். இன்னொன்று தென்காசி மாவட்டத்தில். இணையத்தில் பட்டா பார்க்கப் போனால் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்பது சும்மா இல்லை.

இதையே தரவுத்தளத்தில் பார்ப்போம். உரிமையாளர், நிலம், கிராமம், மாவட்டம் நான்கும் தனித்தனி டேபிள்கள் என்று வையுங்கள். நில டேபிளில் உரிமையாளர், கிராமம் இரண்டுக்கும் பெயரல்ல, எண் மட்டும். கிராம டேபிளில் மாவட்டத்தின் எண். 1970-ல் எட்கர் காட் வகுத்த முறை இது. எஸ்க்யூஎல்லில் இவற்றை நாமே ஜாயின் செய்ய வேண்டும். ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தின் ஓஆர்எம்மில் 'நிலம்__கிராமம்__மாவட்டம்' என்று இரட்டை அடிக்கோடு போட்டால் போதும், ஜாயினை அதுவே எழுதிக்கொள்ளும்.

வசதிதான், வில்லங்கமும் அதில்தான். ஆலங்குளத்தில் நஞ்சை வைத்திருப்பவர்களின் பட்டியல் வேண்டும் என்று வையுங்கள். ஊர், நஞ்சை என்ற இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டருக்குள் எழுதினால், ஒரே நிலம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். ஃபில்டருக்குப் பின் ஃபில்டராகத் தொடுத்தாலோ, ஆலங்குளத்தில் புஞ்சையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நஞ்சையும் உள்ளவரும் பட்டியலில் ஏறிவிடுவார். பிழை என்று கணினி முனகக்கூட முனகாது. ஒரே ஃபில்டரில் எழுதினாலும், ஆலங்குளத்திலேயே இரண்டு நஞ்சை இருந்தால் ஒரே பெயர் இருமுறை வரும். அதற்கு டிஸ்டிங்க்ட் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், உருவான எஸ்க்யூஎல்லை அச்சிட்டுப் படித்துப் பாருங்கள்.