வீதியில் நின்று செவிசாய்த்த அண்ணலார்

 



மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் சிறிது கோளாறு இருந்தது. ஒருநாள் அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். அண்ணலார் அவரை இன்னாரின் தாயே என மரியாதையுடன் அழைத்தார்கள். எந்த வீதியில் நின்று பேச அவர் விரும்பினாலும் அங்கே வந்து அத்தேவையை நிறைவேற்றித் தருவதாகக் கூறினார்கள். பின்னர் ஒரு பாதையில் அவருடன் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் நின்ற இடம். ஊரார் போய்வரும் பாதையில் நின்றார்கள். ஒரு நாட்டின் தலைவர், புத்தி சரியில்லாதவர் என ஊர் அறிந்த பெண்ணுடன் நிற்பதைக் குறைவாக எண்ணவில்லை. நாமோ, நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பின்கட்டு அறையின் கதவைச் சாத்துகிறோம்.

நான் இமாமத் பணியில் இருந்த ஓர் ஊரில், ஜும்ஆவுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் திடீரெனக் காணாமற்போனார். தந்தையிடம் விசாரித்தேன். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்றார். இரண்டு ஆண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தார். ஒருநாள் அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் உம்மா முந்தானையால் முகத்தை மறைத்தபடி வந்து, தண்ணீர் ஓதிக் கேட்டார்கள். அப்போதுதான் உண்மை வெளியாயிற்று. பிள்ளை வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. யாரோ தன்னைத் திட்டும் குரல் காதில் கேட்பதாகச் சொல்லி, உண்ணாமலும் உறங்காமலும் அறைக்குள்ளேயே கிடந்தார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். வெளியே தெரிந்தால் இளைய மகளுக்குச் சம்பந்தம் வராதே என்று அந்தத் தாய் அழுதார்கள்.

அந்த அழுகையை நான் குறை கூறமாட்டேன். அவர்களை அப்படி அஞ்ச வைத்தவர்கள் ஜமாஅத்தாராகிய நாம்தாம்.

இந்த நோய் வந்தவரைப் பார்த்து நாம் முதலில் சொல்வது, ஈமான் பலவீனம் என்பதே. தொழுதால் சரியாகிவிடும் என்போம். நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு வருந்தியதைக் குர்ஆன் (12:84) எடுத்துரைக்கிறது. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என ஏங்கியதையும் அது மறைக்கவில்லை (19:23). இவர்களின் ஈமானை அளக்க நாம் யார்? தொழுகையும் திக்ரும் உள்ளத்திற்கு ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சர்க்கரை நோயாளியிடம் நன்றாகத் தொழுதால் மாத்திரை வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லையே.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். கி.பி. 934-ல் மறைந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ (ரஹ்), உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். துக்கத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். இழப்பு போன்ற தெளிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமல் வருவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும் அறிவுரையும் உதவும். பின்னது உடலிலிருந்து எழுவதால் அதற்கு மருந்தும் வேண்டும் என்பது அவர் கருத்து. ஹலப் நகரில் 1354-ல் கட்டப்பெற்ற அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென நீரூற்றுகளுடன் கூடிய முற்றங்கள் அமைந்திருந்தன.

ஜின், சூனியம் என்போரும் உண்டு. ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஓதிப் பார்ப்பதும் ஆகுமானதே. ஆனால் அல்லாஹ்வின் அடியார்கள் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அவன் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். கூரைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீப்பிடித்தபோது ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் பறிபோயின.  அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்ற தாய் தந்தையரும் உடன்பிறந்தோருமே. தர்கா செல்வது பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே பேசப் புகவில்லை. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும், பின்னாளில் ஏர்வாடியிலும், துஆவுக்கு வருவோரை அங்கேயே மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஓதிப் பார்க்கும் நம் ஹஜ்ரத்மார்களும், தண்ணீரைக் கையில் கொடுக்கும்போதே மருத்துவரிடமும் அனுப்பினால் எத்தனையோ வீடுகள் பிழைக்கும்.

நோய் என்றே அடையாளம் காணப்படாதவையும் உள்ளன. ஹவ்ளின் கரையில் ஒருவர் அரைமணி நேரமாக வுளூச் செய்துகொண்டிருப்பார். கை நனைந்ததா என ஐயம்; மீண்டும் கழுவுவார். தக்பீர் கட்டி, அவிழ்த்து, மீண்டும் கட்டுவார். பேணுதல் மிக்கவர் என்று சிலர் மெச்சுவர், சிலர் சிரிப்பர். அவர் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறார். வஸ்வாஸ் என நாம் அழைக்கும் இந்நிலை முற்றும்போது மருத்துவத்தில் அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே உறக்கமிழந்து, தொடர்பின்றிப் பேசி, குழந்தையைக் கண்டே அஞ்சும் தாய்மாரும் இருக்கின்றனர். நாற்பது கழியட்டும் என்று காத்திருக்கலாகாது. அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான நிலை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலோர் நன்கு குணமடைகின்றனர்.

2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனுமொரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர்! நம் பள்ளியின் ஒரு ஸஃப்பில் எத்தனை பேர் என எண்ணிப் பாருங்கள்.

இனி, திருமணம். இரண்டு தவறுகளை நாம் செய்கிறோம். கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்று, நோயை மறைத்து நிக்காஹ் முடிப்பது முதலாவது. அது எதிர் வீட்டாருக்குச் செய்யும் மோசடி. ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் தலையில் மருத்துவரின் வேலையைச் சுமத்துவது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் இருவரின் குறைகளையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். மற்றொரு தவறு, அண்ணனுக்கு நோய் என்பதற்காகத் தங்கையை வேண்டாம் என்பது. இரத்த அழுத்தம் உள்ள குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்காத நாம், இதற்கு மட்டும் ஏன் ஏழு தலைமுறையைத் தோண்டுகிறோம்? இரண்டாவது தவறு ஒழியாதவரை முதலாவதும் ஒழியாது. உண்மை சொன்னவரை ஒதுக்கும் ஊரில் எவரும் உண்மை பேசத் துணியமாட்டார்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். மன அழுத்தத்திற்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாட்களில் தெளிவில்லை என நிறுத்துவதும், தெளிந்ததும் தாமாகவே விட்டுவிடுவதும் நோயைத் திரும்ப அழைக்கும். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு நேரத்தை மாற்றிக் கேளுங்கள். லித்தியம் உட்கொள்வோர் நீரருந்தாமல் இருந்தால் அது உடலில் அளவு மீறக்கூடும். அவர்கள் கேட்காமல் நோன்பு வைக்கலாகாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது (2:184).

சட்டமும் மாறியுள்ளது. 2018 மே முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்கிறது. மருத்துவரிடம் செல்லக் கூச்சப்படுவோர் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய சேவை இது.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அன்று தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். மறுநாள் நானும் அவருடைய தந்தையும் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முழுதாய்த் தெளிய ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. இடையில் ஒருமுறை மாத்திரையை நிறுத்தியதால் மீண்டும் சேர்க்க நேர்ந்தது. இப்போது மளிகைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். மாத்திரை இன்றும் தொடர்கிறது. முதன்முதலாக அவர் ஜும்ஆவுக்குத் திரும்பிய நாளில், ஸஃப்பில் அவருக்கு இருபுறமும் சற்று இடைவெளி விழுந்தது. தோளோடு தோள் சேருங்கள் என்று வழக்கம்போல் அறிவித்தேன். முஅத்தின் தம் இடத்தை விட்டு வந்து அவரருகில் நின்றார். மறுபுறம் நெருங்கி நின்றவர், தங்கையைப் பெண் கேட்டுப் பின் வேண்டாமென்ற வீட்டாரில் ஒருவர்.